நரிக்குட்டியின் மூச்சு

"மாமா, நரிக்குட்டி தூங்கும்போது அதோட குரல் எங்க இருக்கும்?"

ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு மத்தியானம் டப்பிங் ஸ்டுடியோவில் இப்படிக் கேட்டாள். நரிக்குட்டிக்குக் குரல் கொடுப்பவரின் மகள் அவள். பள்ளிக்கூட விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா கூட்டி வந்திருந்தார். டைரக்டர் சிரித்துக்கொண்டே சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியைக் காட்டினார்.

"அதுக்குள்ளதான் கண்ணு. பூட்டி வச்சிருக்கேன். யாரும் எடுக்க முடியாது."

அவள் போய் அலமாரிக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். "தூங்குது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஏழு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த அலமாரியைக் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

டைரக்டர் அதை நின்றபடியே படித்தார். இன்னொரு முறையும் படித்தார். காது மடல் சிவந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியரிடம் போய்க் கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார். இன்ஜினியர் அதிகம் பேசாதவர். அதனால் ஸ்டுடியோவில் அவருக்கு 'மியூட்' என்று பெயர்.

"படி. மூணு இடத்துல 'சொத்து'ன்னு போட்டிருக்கான். அந்தம்மா பேரு ஒரு இடத்துலயும் இல்ல. ஒன்பது வருஷம்டா! ஒரு இடத்துலயாவது இருக்கா!"

மியூட் நிதானமாகப் படித்து முடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன்."

"நல்லா இல்ல சார்."

"நல்லா இல்லையாம்! வீடு பத்தி எரியுது, இவன் லேசா புழுக்கமா இருக்குங்கிறான்."

விஷயம் இதுதான். ஜப்பானிலிருந்து வரும் ஒரு நரிக்குட்டியின் கதையை ஒன்பது வருஷமாக அந்த ஸ்டுடியோதான் தமிழில் பேச வைத்து வந்தது. கார்ட்டூன் என்று யாராவது சொன்னால் டைரக்டருக்குப் பிடிக்காது, "அனிமே" என்று திருத்துவார். இப்போது கடைசிப் படம் வருகிறது, அதோடு கதை முடிகிறது. அந்தப் படத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கப் போவதில்லை என்று ஒளிபரப்பும் கம்பெனி முடிவு செய்துவிட்டது. நரிக்குட்டியின் பழைய குரலை ஓர் இயந்திரத்துக்குப் பழக்கி, அந்த இயந்திரத்தையே பேச வைப்பார்களாம். அதற்கு இசையும் வேறு சத்தமும் கலக்காத சுத்தமான குரல் வேண்டும். அப்படிப்பட்ட பதிவு அலமாரியில் இருந்த டிஸ்குகளில் மட்டுமே இருந்தது.

பேசியவரின் சம்மதம் தேவையில்லை. 'பதிவாகும் குரல் யாவும் ஸ்டுடியோவுக்குச் சொந்தம்' என்று ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. எங்கோ கிடைத்த பழைய படிவத்தைப் பார்த்து அதை எழுதியவர் டைரக்டர். "வழக்கமா போடுறதுதாம்மா" என்று பேனாவை நீட்டியவரும் அவரே. ஆகவே இப்போது கடிதத்தின் அடியில் அவருடைய ஒரு கையெழுத்து போதும். அந்த அம்மாவுக்குத் தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை.

அவர் கோபத்தில் பாதி இந்தக் கடைசி விஷயத்தால் வந்தது. அதை அவர் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. நம் கோபம் யார் மேல் என்பது பெரும்பாலும் நமக்குத்தான் கடைசியில் தெரியும்.

அந்த அம்மாவை எல்லாரும் நரியக்கா என்பார்கள். ஐம்பதை நெருங்கியவர், கொஞ்சம் பருமன், மூட்டு வலி உண்டு. மைக் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி இரண்டு விநாடி கடவுளைக் கும்பிடுவார். பிறகு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பார். அப்படி நின்றால்தான் நரிக்குட்டிக்கு வேண்டிய ஏழு வயதுப் பயலின் மூச்சு தனக்கு வரும் என்பார். நரிக்குட்டி ஓடும் காட்சியில் தன் வயிற்றில் தானே முஷ்டியால் லேசாகக் குத்திக்கொண்டு பேசுவார். வாய் எத்தனை முறை திறந்து மூடுகிறதோ அத்தனைக்குள் வசனம் அடங்க வேண்டும். "அண்ணே, இது மூணு தடவைதான் வாயைத் திறக்குது, நீங்க அஞ்சு தடவைக்கு எழுதியிருக்கீங்க. மிச்சத்தை மூக்கால பேசவா?" என்று கேட்பார். டைரக்டர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு எழுத்தை வெட்டுவார்.

எல்லாரும் டைரக்டர் என்று கூப்பிட்டாலும் அவர் இயக்கி வெளிவந்தது ஒரே படம். முதுகுக்குப் பின்னால் 'ஒத்தப்படம்' என்பார்கள். நெருங்கியவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். மூடிக்கிடந்த ஓர் ஐஸ் ஃபேக்டரியில், கடன் வாங்கிய கேமராவில், பத்தொன்பது நாளில் எடுத்தது. காவலுக்கு வரும் ஒருவன், பெரிய ஐஸ் கட்டி ஒன்றுக்குள் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. நாலு நாள் ஓடியது. மூன்றாம் நாள் தியேட்டர் மேனேஜர் அவரை ஓரமாக அழைத்து, "தம்பி, உள்ள இருக்குற ஏழு பேருக்கும் படம் புடிச்சிருக்கு. ஆனா ஏசியை நிறுத்தச் சொல்றாங்க" என்றார்.

அதன் பிறகு படம் தானாகவே நடக்கத் தொடங்கியது. கேசட்டில் பரவியது, சிடியில் பரவியது, பிறகு ஃபோனுக்கு ஃபோன் தாவியது. வருஷத்துக்கு ஒரு முறை ரசிகர்கள் எங்காவது ஒரு சின்ன அரங்கைப் பிடித்துக் காலைக்காட்சி போட்டார்கள். வெயில் கொளுத்தினாலும் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. கடைசிக் காட்சியில் ஐஸுக்குள் இருக்கும் கிழவர், "கதவைச் சாத்திட்டுப் போப்பா. குளிர் வெளிய போயிடும்" என்பார். அந்த வரியை அரங்கமே சேர்ந்து சொல்லும். பனியன்களில் அச்சடித்தார்கள். குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கும் கடைக்காரர்கள் பலகையில் எழுதி வைத்தார்கள்.

இதில் எதற்கும் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் படம் பாதியில் நின்றது. முதல் படத்தின் காட்சிகளைப் பெரிய டைரக்டர்கள் தங்கள் படங்களில் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். இணையத்தில் இருந்த பிரதிகளில் முதல் இரண்டு நிமிஷத்தைக் காணோம். "மெதுவா ஆரம்பிக்குதுன்னு வெட்டிட்டானுங்க. என் பேரு அந்த ரெண்டு நிமிஷத்துலதான் இருக்கு!" என்று அவர் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறார். பிழைப்புக்காக டப்பிங்குக்கு வந்தார். வந்த இடத்தில் படம் எடுப்பதுபோலவே உயிரைக் கொடுத்து வேலை செய்தார்.

புதன்கிழமை காலை கம்பெனிக்குப் போனார். எட்டாவது மாடி, கண்ணாடிச் சுவர் வைத்த அறை, நீள மேஜை. முப்பது வயதுப் பொறுப்பாளர் எழுந்து வந்து இரண்டு கையாலும் கைகுலுக்கினார். மேல்கோட்டை விலக்கி உள்ளே போட்டிருந்த பனியனைக் காட்டினார். கதவைச் சாத்திட்டுப் போப்பா என்று அதில் எழுதியிருந்தது.

"உங்களுக்காகவே இன்னைக்கு இதைப் போட்டுட்டு வந்தேன் சார்."

"நல்லாருக்கு தம்பி. இந்தக் கடிதம்தான் நல்லா இல்ல."

"சார், முதல்ல இதைக் கேளுங்க." பொறுப்பாளர் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார். அறையில் நரிக்குட்டி பேசியது. *நான் வந்துட்டேன், எல்லாரும் எங்க போனீங்க?* அச்சு அசல் நரியக்கா. ஆனால் அந்த வசனத்தை அவர் பேசியதே இல்லை. 

"இதுல மூச்சே இல்லையே" என்றார் டைரக்டர் மெல்ல.

"கரெக்ட் சார்! நீங்கதான் கண்டுபுடிப்பீங்கன்னு தெரியும். இது ஒளிபரப்பானதுல இருந்து எடுத்தது. பின்னாடி மியூசிக் ஓடுறதால மூச்சு பிடிபடல. அதுக்குத்தான் உங்க அலமாரி."

டைரக்டர் மேஜையில் ஓங்கி அடித்தார். தண்ணீர் டம்ளர் குதித்தது.

"அது அந்தம்மாவோட மூச்சு தம்பி! மூட்டு வலியோட நுனிக்கால்ல நின்னு விட்ட மூச்சு. அதை உருவிக்கிட்டு, ஆளை வாசல்ல நிறுத்தப் போறீங்க. ஒரு பேராவது போடுவீங்களா?"

"கடைசில 'நன்றி'ன்னு போடலாம் சார்."

"நன்றி! யார் குரலை எடுத்தியோ அவங்க பேரைப் போடணும். போடலேன்னா அதுக்குத் திருட்டுன்னுதான் பேரு. வேற பேரே கிடையாது!"

பொறுப்பாளர் கோபப்படவில்லை. அதுதான் டைரக்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் பொறுமையாக ஒரு கோப்பைத் திறந்து நகர்த்தினார். ஐஸ் படத்தைக் கீறல் நீக்கி, ஒலியைச் சுத்தம் செய்து, உலகம் முழுக்க வெளியிடும் ஒப்பந்தம். முதல் பக்கத்தில் டைரக்டரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு துண்டைக்கூட வெட்டமாட்டோம் என்று தனியாக ஒரு வரியும் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் சார் போகும். அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா இதுவும் நடக்கும். போடலேன்னா டப்பிங் வேலையும் வேற இடத்துக்குப் போயிடும், என் கையில இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு." பிறகு ஆசையாக முன்னால் சாய்ந்தார். "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு சின்ன வயசுல இருந்து நினைச்சிருக்கேன். அந்தக் கிழவர் குரல் இருக்கே, அந்த நடிகர் எப்படி சார் அப்படிப் பேசினாரு? அதுக்குத்தானே விருது வாங்கினாரு?"

மேஜை மேல் இருந்த டைரக்டரின் கை அப்படியே நின்றது. வாயைத் திறந்தார். "ம்" என்று மட்டும் வந்தது. கோப்பைப் பைக்குள் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஏனென்றால் அந்தக் குரல் அந்த நடிகருடையது இல்லை.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்பு டப்பிங் என்றால், படத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிடுவார்கள். லூப் என்று பெயர். உதடும் பேச்சும் பொருந்தும்வரை வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை மாட்டுபவரை அந்த டப்பிங் தியேட்டரில் லூப்பண்ணே என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள். விரல் நுனியில் எப்போதும் பிலிம் ஒட்டும் பசை. நடிகர் வராத நாளில், நேர அளவு தெரிவதற்காக யாராவது ஒருவர் வசனத்தைச் சும்மா பேசி வைப்பார். அது பைலட் டிராக். நடிகர் வந்து பேசியதும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அன்று நடிகர் வரவில்லை. உதவி டைரக்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. லூப்பண்ணன் மேலே புரொஜக்டர் அறையிலிருந்து இறங்கி வந்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லவா தம்பி? நாப்பது தடவை ஓட்டியாச்சு, மனப்பாடமே ஆயிடுச்சு." மைக் முன்னால் நின்று ஒரே தடவை சொன்னார். யாரோ வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனிடம் அக்கறையாகச் சொல்வதுபோல, கொஞ்சமும் நடிக்காமல் சொன்னார்.

அடுத்த வாரம் நடிகர் வந்து இடி முழங்கப் பேசிவிட்டுப் போனார். ஒலியைச் சேர்க்கும் நாளன்று, கலவை செய்தவர் கைதவறி நடிகரின் சேனலுக்குப் பதிலாகப் பைலட்டைத் திறந்துவிட்டார். திரையில் ஐஸுக்குள் இருந்த கிழவர் லூப்பண்ணனின் குரலில் பேசினார். அறையில் ஒருவரும் அசையவில்லை. கலவைக்காரர் பதறிக் கையை நீட்டினார். டைரக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும்."

படத்தைப் போட்டுக் காட்டிய அன்று நடிகர் தன் குரல் என்றே நம்பினார். "அன்னைக்கு எனக்கு லேசா சளி. அதுகூட எப்படி வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா?" என்று எல்லாரிடமும் சொன்னார். விருதும் வாங்கினார். யாரும் திருத்தவில்லை.

லூப்பண்ணன் மட்டும் ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "பேரு வருமா தம்பி?"

"போட்டுடலாம்ணே."

பெயர் அட்டைகள் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டன. புதிதாக ஒன்று எடுக்க ஒரு நாள் ஆகும். நடிகருக்கும் மனக்கசப்பு வரும். அடுத்த பிரதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த பிரதி என்று ஒன்று வரவே இல்லை. இதையெல்லாம்விட மோசமான ஒன்று எட்டாவது மாடியிலிருந்து இறங்கி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. போட்டுடலாம் என்று சொன்னாரே, என்ன பெயர் என்று கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் ஐஸ் படம் வெளிவரப்போகிறது என்று சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

"நிஜமாவா? உங்க பேரோடயா?"

"கொட்டை எழுத்துல."

"சும்மாவா குடுக்குறாங்க? பதிலுக்கு என்ன கேட்டாங்க?"

"சும்மாதான்."

மனைவி உடனே தன் தம்பிக்கு ஃபோன் போட்டார். "டேய், மாமாவை ஒத்தப்படம்னு கிண்டல் பண்ணுவியே, இனிமே அந்த ஒத்தப்படத்தை உலகமே பாக்கும்டா!" பக்கத்து அறையில் உட்கார்ந்து டைரக்டர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பைக்குள் இருந்த கம்பெனிக் கடிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். கையெழுத்துக்கான கோடு மிகவும் சின்னதாக இருந்தது. பேனா அந்தக் கோட்டுக்கு மேலே ரொம்ப நேரம் நின்றது. பேனாவை மூடி, கடிதத்தைப் பைக்குள் வைத்தார், கிழித்துப் போடவில்லை.

வியாழக்கிழமை காலை நரியக்கா வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்தார். பழைய தொடரில் இரண்டு அத்தியாயம் பாக்கி இருந்தது. மைக் முன்னால் வசனம் வைக்கும் ஸ்டாண்டில் வசனத் தாளுக்குப் பதிலாகக் கம்பெனியின் கடிதம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். டைரக்டர் எதையும் மறைக்காமல் மிச்சத்தையும் சொன்னார், கம்பெனியில் கேட்ட குரல், ஐஸ் படம், வெள்ளிக்கிழமை என்று எல்லாவற்றையும்.

"இந்தக் கடிதம் எப்ப வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"ரெண்டு நாளா என்ன பண்ணீங்கண்ணே, அடைகாத்தீங்களா?"

டைரக்டர் தலை குனிந்தார். "நேத்து சாயங்காலம் பேனாவை எடுத்துட்டேம்மா."

நரியக்கா கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் உயர்ந்து அதற்கு முன் யாரும் அங்கே கேட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மியூட் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டப்ப நான் தாளைப் பாக்கலண்ணே. உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் போட்டேன். எங்கம்மா செத்த மூணாம் நாளு கூப்பிட்டு, நரிக்குட்டி இந்த இடத்துல விழுந்து விழுந்து சிரிக்கணும்னீங்க. சிரிச்சேனா இல்லையா? அந்தச் சிரிப்பும் அந்த அலமாரிக்குள்ளதானே இருக்கு? அதையும் எடுத்துக்குமா அந்த மெஷினு?"

"எடுத்துக்கும்."

"எங்கம்மாவுக்காக அழுத மூக்கோட சிரிச்சது. எவனோ ஒருத்தன் பொத்தானைத் தட்டினா வரணுமா அது?"

 டைரக்டரால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"அந்த ஐஸ் படம் வந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார் நரியக்கா, இப்போது தாழ்ந்த குரலில்.

"ஒண்ணும் கிடைக்காது. என் பேரு வரும்."

"பேருக்கு இவ்வளவு பசியாண்ணே?"

 நியாயமான கேள்விக்கு முன்னால் மனிதன் வாயடைத்து நிற்பதும் ஒருவகைப் பிரார்த்தனைதான். டைரக்டர் ஸ்டாண்டில் இருந்த தாளைத் தொட்டுக் காட்டினார்.

"அன்னைக்குக் கேக்காம செஞ்சேன். இன்னைக்குக் கேக்குறேம்மா. குடுக்கவா, வேணாமா? குடுக்கலேன்னா கடைசிப் படமும் போயிடும், இந்த வேலையும் போயிடும். உனக்கும், மியூட்டுக்கும், எனக்கும். அதையும் சொல்லிட்டுத்தான் கேக்குறேன்."

"வேணாம்."

மியூட் மைக்கைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "வேணாம் சார்."

டைரக்டர் ஸ்டாண்டில் இருந்த தாளை எடுத்து, கையெழுத்துக்கான கோட்டின் மேல் 'முடியாது' என்று எழுதினார். கோடு சின்னதாக இருந்ததால் கடைசி எழுத்து வெளியே நீண்டுவிட்டது.

நரியக்கா பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி அவரிடம் நீட்டினார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. "நேத்து அங்க போய்க் கத்தியிருப்பீங்க. தொண்டை கரகரங்குது. குடிங்க." பிறகு செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடினார். குதிகாலைத் தூக்கினார். "ஓட்டுங்க. எனக்கு மூணு மணிக்கு வீட்டுக்குப் போகணும்."

கம்பெனி சொன்னதைச் செய்தது. கடைசிப் படம் வேறிடத்துக்குப் போனது. சுத்தமான பதிவு கிடைக்காததால் இயந்திரத்தை விட்டுவிட்டு, நரிக்குட்டிக்கு ஒரு சினிமாக்காரரின் மகளைப் பேச வைத்தார்கள். மைக்கை நோக்கி நுனிக்காலில் நிற்கவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அது அவள் குற்றமும் இல்லை. ஐஸ் படத்தின் ஒப்பந்தம் திரும்பிப் போனது. மனைவியிடம் உண்மையைச் சொல்ல டைரக்டருக்கு மூன்று நாள் ஆனது. மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கையெழுத்துப் போடாததற்காக இல்லை. 'சும்மாதான்' என்று சொன்னதற்காக.

ஸ்டுடியோ விளம்பரங்களால் உயிர் பிழைத்தது. நரியக்கா ஒரு குக்கருக்குக் குரல் கொடுத்தார். "ஒன்பது வருஷம் வாலை ஆட்டினேன், இப்ப விசில் அடிக்கிறேன். நல்ல முன்னேற்றம்தான்" என்றார். அலமாரியில் இருந்த டிஸ்குகளை டைரக்டர் துணிப்பையில் போட்டு அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, குரல் பேசியவருக்கே சொந்தம் என்று புதிதாக எழுதினார். இனி வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும் என்று மியூட்டிடம் சொன்னார். மியூட்டுக்கு அதுதான் பெரிய தண்டனை.

கோபம் மட்டும் அடங்கவில்லை. கம்பெனியைத் திட்ட வாயைத் திறந்தால், தான் அன்று மேஜையில் அடித்துச் சொன்ன வார்த்தையே காதுக்குள் திரும்பி வந்தது. வேற பேரே கிடையாது. அதற்கப்புறம் திட்ட ஆள் ஒருவன்தான் மிச்சம் இருந்தான். ஷேவ் செய்யும்போது தினமும் அவனைக் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது.

சினிமாத் தொழிலாளர் யூனியன் ஆபீசுக்குப் போனார்.

"லூப்பண்ணனா?" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "சார், அந்தக் காலத்துல தியேட்டருக்கு ஒரு லூப்பண்ணன். பட்டப்பேருக்கெல்லாம் நாங்க கார்டு குடுக்குறதில்ல."

"மூஞ்சி தெரியும்."

"அப்ப உக்காந்து தேடுங்க. தும்மல் வந்தா அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க, பேப்பரெல்லாம் பறக்கும்."

மூன்று நாள் போய் உட்கார்ந்தார். பழைய பதிவேடுகள், தபால்தலை அளவுப் புகைப்படங்கள், பூச்சி அரித்த ஓரங்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஒல்லி முகம் கிடைத்தது. காதுகள் கொஞ்சம் விடைத்திருந்தன. இத்தனை வருஷமும் அந்தக் காதுகள் தன் ஞாபகத்தில் இல்லை என்பது அவரைச் சுட்டது. பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து, விலாசம் எல்லாம் இருந்தன. சந்தா நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்த விலாசத்தில் இப்போது வேறு கட்டடம். கேட்டுப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாத பாவம்தான் கனமானது. கடவுள் அதைத் தூக்கிக்கொள்ள மாட்டார், தூக்கப் பலம் வேண்டுமானால் கொடுப்பார்.

மறுநாள் மியூட் சாப்பிடப் போன நேரத்தில் டைரக்டர் எடிட்டிங் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். தன்னிடம் இருந்த ஐஸ் படத்தின் முழுப் பிரதியைத் திறந்தார்.

படத்தின் தொடக்கத்தில் பெயரைப் போட்டால் வெட்டிவிடுவார்கள். முடிவில் போட்டால் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். இது அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே கடைசிக் காட்சிக்குப் போனார். ஐஸ் கட்டி, அதற்குள் கிழவரின் முகம், பின்னால் பாதி திறந்த கதவு, அதன் வழியே வரும் வெளிச்சம். அந்த ஒளிக்காக ஒரு முழு நாள் காத்திருந்தார். அவர் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான் என்று அவருக்கும் தெரியும், திருடியவர்களுக்கும் தெரியும். இருபத்துநாலு வருஷத்தில் அதன்மேல் ஒரு தூசி விழக்கூட அவர் விட்டதில்லை.

அந்தக் காட்சியின் கீழே, குரல் தொடங்கும் இடத்தில், எழுத்துகளை வைத்தார். *இது இவர் குரல்* என்று ஒரு வரி. அதன் கீழே பதிவேட்டில் இருந்தபடியே, முதலெழுத்தோடு, அந்தப் பெயர். காட்சி கெட்டுப்போனது. பாதிக் கதவின் வெளிச்சம் எழுத்துக்குப் பின்னால் மறைந்தது. அந்த வரி வேண்டும் என்று நினைப்பவன் இனி இந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

ஒரு பெயரை மூன்று முறை வாசிக்கும் நேரம் திரையில் நிறுத்தவேண்டும் என்பது தொழிலில் ஒரு கணக்கு. அவர் சத்தமாக மூன்று முறை வாசித்தார். நேரம் போதவில்லை. கிழவர் பேசி முடித்த பிறகும் பெயர் நிற்கும்படி இன்னும் கொஞ்சம் இழுத்தார். மறுபடி மூன்று முறை வாசித்தார். இப்போது சரியாக இருந்தது.

யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று படத்தை முழுசாக இணையத்தில் ஏற்றினார். ஏறி முடியும்வரை நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.